ஹீமோகுளோபின் ஈ, எஸ் உள்ளவர்களுக்கு மெட்ஹீமோகுளோபின் கூடுமா? இனத்துக்கு இனம் மாறுமா?

நாஞ்சில்லேப்:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஓர் ஆய்வகத்தில் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. எந்திரம் ஓட்டுகிறோம். தலசீமியா, அரிவாள் செல் (ஹீமோகுளோபின் எஸ்) சோதனைக்கு மூன்று பக்கமிருந்து இரத்தம் வருகிறது. பேச்சிப்பாறை மலையடிவாரத்துக் காணிக்காரர் குடியிருப்புகள் ஒன்று. குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இருக்கும் அசாம், வங்காளம், ஒடிசாத் தொழிலாளர்கள் இன்னொன்று. மூன்றாவது, குளச்சலிலிருந்து முட்டம் வரையுள்ள கடற்கரை ஊர்கள்.

அதே டியூபில் மெட்ஹீமோகுளோபினும் (இரும்பு ஃபெரிக் நிலைக்குப் போய் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமலான ஹீமோகுளோபின், சுருக்கமாக மெட்) பார்த்து, ஹீமோகுளோபின் வகைவாரியாகவும் மக்கள்வாரியாகவும் அட்டவணை போடலாம் என்று எண்ணம். இரத்த வாயு எந்திரத்தில் மெட்டைத் தனியாக அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் உண்டு. முதல் சுற்றில் வெளிமாநிலத் தொழிலாளர் மாதிரிகளில் மெட் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. அவர்களில் ஹீமோகுளோபின் ஈ கடத்திகளும் (ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் ஈ மரபணு பெற்றவர்கள்) உண்டு, இயல்பான ஏ மட்டும் உள்ளவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்திலும் கூடுதல்தான். கடற்கரை மாதிரிகளில் குறைவு.

ஈ வகைதான் காரணம் என்று எழுதலாமா? ஆளுக்கு ஏற்ற இயல்பு அளவு என்று இனவாரியாகத் தனித்தனி வரம்பு ஏதும் உண்டா? ஒளிமானி வைத்துக் கையால் செய்யும் முறையில் சரிபார்க்க வேண்டுமானால் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளிமலை:

தம்பி, பதிலில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. ஈ உள்ளவருக்கும் கூடுதல், அதே முகாமிலிருந்து வந்த ஏ உள்ளவருக்கும் கூடுதல் என்றால் ஈ மேல் பழி போட முடியாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த முகாமும் அந்த வண்டியும் அந்த நேரமும்தான். குலசேகரத்தில் காலையில் எடுத்த இரத்தம் நாகர்கோவில் வந்து எந்திரத்தில் ஏறும்போது மணி என்ன? குளச்சல் மாதிரிக்கு எத்தனை மணி நேரம்? அட்டவணையில் முதலில் இந்த இரண்டு நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ஹீமோகுளோபினின் இரும்பு உடலுக்குள் நாள்தோறும் 0.5 முதல் 3 சதவீதம் வரை தானாகவே ஃபெரஸ் நிலையிலிருந்து ஃபெரிக் நிலைக்குப் போகிறது. சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற என்சைம் அதை உடனுக்குடன் திருப்பிப் போடுவதால்தான் நம் எல்லாருக்கும் 1 சதவீதத்துக்குள் நிற்கிறது. அந்த என்சைமுக்கு வேண்டிய என்.ஏ.டி.ஹெச். என்ற துணைப்பொருள் குளுக்கோஸ் சிதைவிலிருந்து வருகிறது. டியூபுக்குள் குளுக்கோஸ் இருக்கும்வரை திருப்பும் வேலை நடக்கும், தீர்ந்தால் ஏறத் தொடங்கும். ஆகவே முதலிலேயே மெட் அதிகமுள்ள மாதிரி வழியில் குறைந்துகூடப் போகலாம், இயல்பான மாதிரி வெயிலில் ஏறவும் செய்யலாம். எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டுத் திருத்த வழியில்லை. எல்லா மாதிரிக்கும் ஒரே கால இடைவெளி வைப்பது ஒன்றுதான் வழி.

எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அளப்பது உத்தமம். முடியாதென்றால் ஐஸ் கலந்த வெள்ளத்தில் டியூபை வைத்துக் கொண்டுவாருங்கள். உடைத்த ஐஸ் மேல் நேராகச் சொருகினால் ஓரத்தில் உறைந்து செல் உடையும். உடைந்த செல்லிலிருந்து வெளியே வந்த ஹீமோகுளோபினுக்கு என்சைம் காவல் கிடையாது, அது வேகமாகப் பழுப்பாகும். மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் போட்டுவைத்து மறுவாரம் பார்ப்பது கூடவே கூடாது, அதில் மெட் ஏறும். இரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ அல்லது ஹெபாரின் டியூப் போதும். சர்க்கரைக்கு எடுக்கும் சாம்பல் மூடி டியூப் வேண்டாம், ஃபுளோரைடு மெட்டோடு ஒட்டி அதன் நிறமாலையையே மாற்றிவிடும்.

இனி கைமுறை. 1938இல் எவலினும் மல்லாயும் கொடுத்த முறையாக்கும் இன்றும் அடிப்படை. பி.எச். 6.8, லிட்டருக்கு 0.1 மோல் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் லிட்டருக்கு 10 கிராம் மின்னூட்டமில்லாத டிடர்ஜென்ட் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4 மில்லி எடுத்து 0.2 மில்லி இரத்தம் விட்டுக் கலக்கினால் செல் உடைந்து தெளிந்த கரைசல் கிடைக்கும். சமமாக இரண்டாகப் பிரித்து அ, ஆ என்று குறியுங்கள். அ-வை 630 நானோமீட்டரில் அளந்து எழுதுங்கள், அது அ1. லிட்டருக்கு 50 கிராம் பொட்டாசியம் சயனைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி மறுபடி அளந்தால் அ2. ஆ-வில் லிட்டருக்கு 50 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒரு சொட்டு விட்டு 5 நிமிடம் பொறுத்தால் முழுக்க மெட் ஆகிவிடும், அது ஆ1. அதிலும் ஒரு சொட்டு சயனைடு, ஆ2. (அ1 − அ2) ÷ (ஆ1 − ஆ2) × 100 போட்டால் சதவீதம். எல்லா அளவுக்கும் பூஜ்யம் வைப்பது அதே தாங்கல் கரைசலில். தொலைவிலிருந்து வரும் மாதிரிக்கு இதில் ஒரு வசதி உண்டு: தாங்கல் கரைசலில் உடைத்துவிட்டால் 2–4 டிகிரியில் ஒரு நாள்வரை பெரிய மாற்றமில்லாமல் நிற்கும். முகாமிலேயே 4 மில்லி குப்பிகளோடு உட்கார்ந்து உடைத்துக்கொண்டு வரலாம்.

தவறும் இடங்கள் இரண்டு. டிடர்ஜென்ட் குறைந்து கரைசல் கலங்கினால் அ1 பொய்யாக ஏறும். அதைவிடப் பெரியது, 1 சதவீத மெட்டில் அ1, அ2 இடையே வித்தியாசம் 0.02கூட வராது. ஒளிமானி மூன்றாம் தசமத்தில் ஆடினாலே உங்கள் ‘இன வேறுபாடு’ முழுவதும் அதற்குள் அடங்கிப்போகும். ஒரே மாதிரியைப் பத்துத் தடவை அளந்து சிதறல் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கோ-ஆக்சிமீட்டருக்கும் இதே சோதனை வேண்டும்.

சயனைடு விஷயம் விளையாட்டல்ல. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். வாயால் உறிஞ்சும் பிப்பெட் வேண்டவே வேண்டாம், அமிலக் கழிவு போகும் தொட்டியில் ஊற்றாதீர்கள், பூட்டிவைத்துக் கணக்கு எழுதுங்கள். கோ-ஆக்சிமீட்டர் கையில் இருக்கும்போது இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

கோதையாறு:

வேளிமலை அண்ணன் ஆய்வகப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். வகைகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மெட்ஹீமோகுளோபின் என்பது ஒரு நிலை, வகையல்ல. எந்த ஹீமோகுளோபினும் அந்த நிலைக்குப் போய்த் திரும்பும். போனது திரும்பாமல் அங்கேயே பூட்டிக்கொள்ளும் மரபு மாற்றங்கள் உண்டு, அவைதான் ஹீமோகுளோபின் எம் குடும்பம். பாஸ்டன் (ஆல்ஃபா சங்கிலியில் 58ஆம் இடம்), ஐவாட்டே (ஆல்ஃபா 87), சஸ்கட்டூன் (பீட்டா 63), ஹைட் பார்க் (பீட்டா 92) என்ற நான்கிலும் இரும்பைத் தாங்கும் ஹீமுக்குப் பக்கத்திலிருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் உட்கார்ந்திருக்கிறது. மில்வாக்கியில் பீட்டா 67ஆம் இடத்து வாலின் குளுட்டாமிக் அமிலமாகிறது. டைரோசினின் ஆக்சிஜன் இரும்பைப் பிடித்து ஃபெரிக் நிலையில் கட்டிப்போடுகிறது. ரிடக்டேஸ் எவ்வளவு இருந்தாலும் அவிழ்க்க முடியாது. இவர்களுக்கு மொத்தத்தில் 15 முதல் 30 சதவீதம்வரை அந்த நிலையில் இருக்கும். ஆல்ஃபா வகை பிறந்தபோதே உதட்டிலும் தோலிலும் நீலம் காட்டும். பீட்டா வகை, கருக்கால ஹீமோகுளோபின் விலகிப் பீட்டா சங்கிலி ஏறும் சில மாதங்களில் தெரியவரும். காமா சங்கிலியில் வந்தால் (ஓசாகா, ஃபோர்ட் ரிப்ளி) பிறந்த குழந்தை நீலமாக இருந்து தானாகவே தெளிந்துவிடும்.

நீங்கள் கேட்ட ஈ, எஸ் இரண்டும் வேறு கதை. எஸ்ஸில் மாற்றம் பீட்டா 6இல், ஈயில் பீட்டா 26இல். ஹீம் இருக்கும் குழியை அவை நேராகத் தொடுவதில்லை. சோதனைக் குழாயில் பிரித்தெடுத்த எஸ், ஏ-வைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வேகமாகத் தானே ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று 1988இல் காட்டியிருக்கிறார்கள். ஈயும் ஆக்சிஜனேற்றத்துக்குச் சற்று இளகியது, அதனால்தான் டி.சி.ஐ.பி. சாயம் சேர்த்தால் கலங்குகிறது, ஈ கண்டுபிடிக்க அந்தச் சோதனையைப் பயன்படுத்துவதும் அதனால்தான். ஆனால் குழாயில் காண்பது உயிருள்ள சிவப்பணுவில் அப்படியே பிரதிபலிக்காது. உள்ளே ரிடக்டேஸுக்கு நிறைய மிச்சத் திறன் இருக்கிறது, கூடுதலாக ஆவதைக் கூடுதலாகத் திருப்பிவிடும். ஈ கடத்தி, எஸ் கடத்தி இருவரிடமும் மருத்துவ ரீதியில் பொருட்படுத்தும்படி மெட் ஏறுவதில்லை. ஈயோடு பீட்டா தலசீமியா சேர்ந்தவரிடமும், இரட்டை எஸ் உள்ளவரிடமும் சற்று ஏறலாம். அங்கே தனித்து நிற்கும் ஆல்ஃபா சங்கிலி, செல் உடைவு என்று காரணங்கள் பல. கோல்ன் மாதிரியான நிலையற்ற ஹீமோகுளோபின்களிலும் அப்படித்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இளம் சிவப்பணுக்களில் ரிடக்டேஸ் செயல்பாடு அதிகம். செல் வேகமாக உடைந்து வேகமாகப் பிறக்கும் நோயாளியின் இரத்தத்தில் இளசுகள் நிறைய. ஆகவே உற்பத்தி கூடினாலும் மெட் அளவு இயல்பாகவே காட்டும். ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை இல்லாமல் வகைவாரி அட்டவணை போட்டால் அது பொய் சொல்லும். அந்தக் கட்டத்தையும் சேருங்கள்.

இனம் பற்றி. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு எந்த மக்களிலும் 1 சதவீதத்தைச் சுற்றித்தான், பெரும்பாலும் அதற்குக் கீழ். தமிழருக்கு ஒன்று, அசாமியருக்கு ஒன்று என்று வரம்பு கிடையாது. மாறுவது அரிய மரபணு எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான். சைபீரியாவின் யாக்கூத்தியா, அலாஸ்காவின் அத்தபஸ்கர், அமெரிக்க நவஹோ மக்களிடம் ரிடக்டேஸ் குறைபாடு மற்ற இடங்களைவிட அதிகமாகக் கண்டிருக்கிறார்கள். கெண்டக்கி மலைப்பகுதியின் ஃபுகேட் குடும்பம் நீல மனிதர்கள் என்றே பெயர் வாங்கியது. ஒதுங்கி வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்துக்குள் ஒரே மரபணு சுற்றிச் சுற்றி வந்ததன் விளைவு அது. ஜப்பானின் ஐவாட்டேயில் ‘கருவாய்’ என்று பொருள்படும் குச்சிகுரோ என்ற பெயரில் தலைமுறைகளாக அறியப்பட்டது ஹீமோகுளோபின் எம் ஐவாட்டே. ஆப்பிரிக்க வழி அமெரிக்கர்களிடம் ரிடக்டேஸ் மரபணுவின் 117ஆம் இடத்தில் ஒரு மாற்றம் மிகப் பரவலாக இருக்கிறது, ஆனால் அதை வைத்து நீலநோய் வருவதில்லை. பரவலாக இருப்பது வேறு, நோய் தருவது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டில் ஈ அசாமின் போடோ-கச்சாரி மக்களிடம் மிக அதிகம், வங்காளத்திலும் உண்டு. எஸ் ஒடிசா, சத்தீஸ்கர் தொடங்கி வயநாடு, நீலகிரி வரை. நீலகிரி மலைமக்களிடம் லேமனும் கட்புஷும் 1952இலேயே எஸ்ஸைக் கண்டார்கள். இதை வைத்துக் காணிக்காரருக்கும் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹெச்.பி.எல்.சி. என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். ‘காணிக்காரர்’ என்ற கட்டம் ஆளைத் தேடிப் போக உதவும், காரணத்தைச் சொல்ல உதவாது. அட்டவணையைக் குடியிருப்பின் பெயரோடு வெளியே கொடுக்கும்முன் அவர்களுக்கே புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்குவதும் கட்டாயம். முப்பது வீடு உள்ள ஊரில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

தோவாளைப்பிச்சி:

மரபணுவும் டியூபும் சரி. அந்த ஆட்கள் என்ன குடிக்கிறார்கள், எதைக் கையில் தொடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

தோட்ட வேலை, பூ வேலை செய்கிறவர்களிடம் பூச்சிமருந்து கேட்க வேண்டும். தோவாளைப் பக்கம் பூ நன்றாகப் பிடிக்க என்று நைட்ரோபென்சீன் கலந்த கரைசல் அடிப்பது உண்டு, கத்தரி, தக்காளிக்கும் அடிப்பார்கள். இது தோல் வழியாகவே உள்ளே போகும். குடித்தவருக்கு மெட் ஆபத்தான அளவுக்கு ஏறும். உடலில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவதால் இறங்கியது மறுபடி ஏறவும் செய்யும். காய்ப்புழுவுக்கு அடிக்கும் இண்டாக்சகார்பும் அப்படியே. விஷம் குடித்த ஆளுக்கு உடனே பூச்சிமருந்து என்றால் ஆர்கனோபாஸ்பரஸ் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கண்மணி சுருங்கவில்லை, எச்சில் ஒழுகவில்லை, உதடு சாம்பல் நீலம், இரத்தம் சாக்லேட் நிறம் என்றால் வேறு திசையில் யோசிக்க வேண்டும். புட்டியைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், உள்ளே என்ன வேதிப்பொருள் என்று லேபிளில் இருக்கும்.

மருந்துகளில் முதலிடம் டாப்சோனுக்கு. தொழுநோய்க் கூட்டு மருந்தில் பெரியவருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் போகிறது, சில தோல் நோய்களுக்கும் தருகிறார்கள். அசாம், ஒடிசாப் பக்கம் போய்வருகிறவர்கள் விவாக்ஸ் மலேரியாவுக்குப் பிரிமாக்குவின் 14 நாள் எடுத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் ‘வெளிமாநிலக் கூடுதல்’ இதுவாகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வியட்நாம் போரில் மலேரியாத் தடுப்பு மாத்திரை தின்ற அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் நீலமானார்கள். ரிடக்டேஸ் பாதி மட்டும் உள்ள, அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாத கடத்திகள் அவர்கள். 1968இல் வெளிவந்த செய்தி இது. மரபும் மருந்தும் கைகோத்தால்தான் வெளியே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பல் மருத்துவர் தடவும் பென்சோகெயின், மரத்துப்போக வைக்கும் பிரிலோகெயின் களிம்பு, இவற்றையும் கேட்க வேண்டும்.

அடுத்தது கிணறு. வாழைத்தோட்டத்து யூரியாவும் கழிவறைக் குழியும் பக்கத்திலிருக்கும் கிணற்றில் நைட்ரேட் ஏறும். பெரியவருக்கு ஒன்றும் செய்யாது, ஆறு மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்குப் பால்பொடி கலக்கக் கூடாது. அந்தக் குழந்தைக்கு ரிடக்டேஸ் பெரியவர்களில் பாதியளவுதான் இருக்கும், வயிற்றில் அமிலம் குறைவு, பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கிவிடும். இந்திய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். சில ஆய்வறிக்கையில் 10 என்று எழுதியிருப்பார்கள். அது நைட்ரஜனாகக் கணக்கிட்டது, இரண்டும் ஒன்றுதான். நீங்கள் அட்டவணையில் சேர்க்கும்போது எந்தக் கணக்கு என்று பார்த்துச் சேருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம். காய்ச்சினால் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள், போகாது. வெள்ளம் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

நாஞ்சில்லேப்:

மிக்க நன்றி. நேரம் பார்த்துவிட்டேன். தொழிலாளர் மாதிரிகள் எந்திரத்தில் ஏற நாலரை மணி நேரம்வரை ஆகியிருக்கிறது, கடற்கரை மாதிரிகள் ஒன்றரை மணி நேரத்துக்குள். வேளிமலை அண்ணன் சொன்னது அப்படியே. முதல் சுற்றை விலக்கிவிட்டு, முகாமிலேயே உடைக்கும் குப்பியோடு மறுபடி எடுக்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. அப்படி எடுக்கும்போது யாராவது 10 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? சதவீதமாகவே எழுதலாமா, கிராமாகவா? பிறகு ஜி6பிடி என்ற சிவப்பணு என்சைம் குறைபாடு உள்ளவர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா, அவர்களுக்கு மெட் கூடும்தானே?

கோதையாறு:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பலர் தடுக்கி விழும் இடம் அது. ஜி6பிடி குறைபாடு மட்டும் இருந்தால் அன்றாட மெட் கூடாது. நாள்தோறும் திருப்பும் வேலையில் 95 சதவீதத்துக்கு மேல் செய்வது என்.ஏ.டி.ஹெச். வழி, அதற்கு ஜி6பிடி வேண்டாம். ஜி6பிடி தரும் என்.ஏ.டி.பி.ஹெச். வழி சும்மா கிடக்கும். மெட்டைக் குறைக்கக் கொடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற மருந்து போட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். ஆகவே அளவைப் புரிந்துகொள்ள அல்ல, சிகிச்சைக்காகத்தான் ஜி6பிடி தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பரவலான மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா வகைகளில் மெடிட்டரேனியன் கடுமையானது. செல் உடைந்து முடிந்த கையோடு சோதித்தால் பழைய செல்கள் அழிந்து இளசுகள் மட்டும் மிஞ்சியிருக்கும், ஜி6பிடி இயல்பு என்று வந்துவிடும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

கிராமா, சதவீதமா என்றால் இரண்டும் எழுதுங்கள். நீலம் கண்ணுக்குத் தெரிய டெசிலிட்டருக்கு சுமார் 1.5 கிராம் மெட் வேண்டும். ஹீமோகுளோபின் 15 உள்ளவருக்கு அது 10 சதவீதம். 8 உள்ள தலசீமியா நோயாளிக்கு அதே 1.5 கிராம் என்பது ஏறத்தாழ 19 சதவீதம், அதுவரை உதடு ஒன்றும் சொல்லாது. அதற்குள் 8 கிராமில் வேலை செய்வது ஆறரையாகக் குறைந்திருக்கும், மிச்சமும் ஆக்சிஜனைத் திசுவுக்கு எளிதில் விடாது. இரத்தசோகை உள்ள இடத்தில் கண்ணை நம்பாதீர்கள். நிறம் கறுத்தவர்களுக்கு நாக்கு, உள்ளுதடு, நகக்கண் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கருந்தோலில் கூடுதலாகக் காட்டும் போக்கு உடையது, இனவாரி ஒப்பீட்டுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

10க்கு மேல் ஒருவர் சிக்கினால், முதலில் புதிய மாதிரி எடுத்து உடனே அளக்க வேண்டும். வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு நோயாளி இரத்தம், பக்கத்தில் ஒரு சொட்டு இயல்பு இரத்தம். காற்றுப் பட்டதும் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் சிவக்கும், மெட் பழுப்பாகவே நிற்கும். இரத்த வாயு அறிக்கையில் ஆக்சிஜன் அழுத்தம் நன்றாக இருந்து விரல் ஆக்சிமீட்டர் குறைவாகக் காட்டினால் சந்தேகம் உறுதிப்படும். அறிக்கையில் உள்ள ஆக்சிஜன் செறிவு அளந்ததா கணக்கிட்டதா என்று பாருங்கள். கணக்கிட்டது எப்போதும் நன்றாகவே இருக்கும். விரல் ஆக்சிமீட்டர் 660, 940 நானோமீட்டர் இரண்டில் மட்டும் பார்க்கிறது, மெட் இரண்டையும் ஒரேபோல உறிஞ்சுவதால் அளவு ஏற ஏற 85ஐ ஒட்டி நின்றுவிடும்.

பிறகு குடும்பம். அப்பா அல்லது அம்மாவுக்கும் உதடு கறுப்பு, தலைமுறை விடாமல் வருகிறது என்றால் ஹீமோகுளோபின் எம் பக்கம். பெற்றோர் இயல்பு, சொந்தத்தில் கட்டியவர்கள், அண்ணன் தங்கைக்கும் இருக்கிறது என்றால் ரிடக்டேஸ் குறைபாடு பக்கம். யாருக்குமே இல்லை, நேற்றுவரை நன்றாக இருந்தார் என்றால் தோவாளைக்காரர் சொன்ன மருந்துப் பட்டியல். இந்த மூன்று கேள்வி பெரும்பாலும் திசை காட்டிவிடும்.

ஹீமோகுளோபின் எம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அதன் உறிஞ்சு முகடு 630இல் இல்லை, பலவற்றில் 600ஐ ஒட்டி இருக்கிறது, சயனைடும் சிலவற்றில் மெதுவாகத்தான் ஒட்டும். எவலின்-மல்லாய் முறையும் கோ-ஆக்சிமீட்டரும் குறைவாகவோ தாறுமாறாகவோ காட்டும், சல்ஃப்ஹீமோகுளோபின் என்று எந்திரம் பெயர் சூட்டுவதும் உண்டு. 500 முதல் 700 வரை முழு நிறமாலையை ஓட்டி, இயல்பு இரத்தத்தை ஃபெரிசயனைடால் மெட்டாக்கி அதோடு வைத்துப் பாருங்கள். எலக்ட்ரோஃபோரசிஸுக்கு (மின்புலத்தில் ஓட்டி வகை பிரிப்பது) வைக்கும்போதும் முதலில் எல்லாவற்றையும் மெட்டாக்கி பி.எச். 7.1இல் ஓட்டினால்தான் எம் பிரிந்து நிற்கும். வழக்கமான காரநிலை ஓட்டத்தில் ஏ-வோடு ஒளிந்துவிடும். உறுதி செய்வது மரபணு வரிசைப்படுத்தல்தான். ரிடக்டேஸ் குறைபாடானால் என்சைம் அளவு பார்த்து, 22ஆம் குரோமோசோமில் உள்ள சி.ஒய்.பி.5.ஆர்.3 மரபணு. நீலம் மட்டும் உள்ளவர்கள் முதல் வகை. வளர்ச்சித் தடையும் நரம்புக் கோளாறும் சேர்ந்து வந்தால் இரண்டாம் வகை, அதில் நீலம் ஒரு சிறு பகுதிதான்.

முட்டத்துஅலை:

அவசரப் பிரிவு நோக்கில் சிலது சேர்க்கிறேன். அறிகுறி உள்ளவருக்கு 20 சதவீதத்துக்கு மேல், அறிகுறி இல்லாதவருக்கு 30க்கு மேல் என்பது சிகிச்சை தொடங்க வழக்கமான எல்லை. இரத்தசோகை, இதயநோய் இருந்தால் அதற்கும் கீழேயே தொடங்க வேண்டும். 50க்கு மேல் போனால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. 70க்கு மேல் உயிர் தங்குவது அரிது.

மெத்திலீன் நீலம் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், 5 நிமிடத்தில் நரம்பு வழி. 1 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம், ஆகவே 60 கிலோ ஆளுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் 6 மில்லி. அரை முதல் ஒரு மணி நேரத்தில் இறங்காவிட்டால் மறுபடி கொடுக்கலாம், மொத்தம் கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அளவு மிஞ்சினால் நீலமே மெட் உண்டாக்கத் தொடங்கும். ஸ்லைடுக்குச் சாயம் போடும் ஆய்வகப் புட்டியை எக்காரணம் கொண்டும் நரம்பில் ஏற்றாதீர்கள், ஊசி மருந்துத் தரமே வேண்டும். மனச்சோர்வு மருந்தில் செரட்டோனின் ஏற்றும் வகை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

நீலம் கொடுத்ததும் விரல் ஆக்சிமீட்டர் மேலும் கீழே விழும், கோ-ஆக்சிமீட்டரும் குழம்பும். அது சாயத்தின் வேலை, பயந்து இரண்டாம் ஊசி போடக் கூடாது. ஆளைப் பாருங்கள், மூச்சும் நினைவும் தெளிகிறதா என்று. டாப்சோன் அதிகம் விழுங்கியவருக்குத் தெளிந்து பல மணி நேரம் கழித்தும் மெட் மீண்டும் ஏறும், அந்த மருந்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 30 மணி நேரம். ஒரு நாளாவது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஜி6பிடி குறைந்தவருக்கு நீலம் வேலை செய்யாது, செல்லையும் உடைக்கும். ஹீமோகுளோபின் எம் ஆட்களுக்கும் பயனில்லை. அவர்களுக்கு மருந்தே தேவைப்படாது, விளக்கிச் சொல்லி, கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். நாளை வேறோர் ஆஸ்பத்திரியில் ஆக்சிமீட்டரில் 85ஐப் பார்த்துக் குழாய் சொருகாமல் இருக்க அந்தச் சீட்டு உதவும். முதல் வகை ரிடக்டேஸ் குறைபாட்டில் நிறத்துக்காக வைட்டமின் சி நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் கொடுப்பது உண்டு, நெடுநாள் போனால் ஆக்சலேட் கல் வரலாம்.

வேளிமலை:

தம்பி, மறுசுற்றுக்கு ஒரு வார்த்தை. குப்பியில் உடைக்கும்போது 0.2 மில்லியைக் கண்ணளவில் விடாதீர்கள், தானியங்கிப் பிப்பெட் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முகாமிலும் உங்கள் பணியாளர் ஒருவரின் இரத்தத்தையும் அதே பெட்டியில், அதே நேரத்தில் எடுத்து வையுங்கள். பேச்சிப்பாறையிலும் குலசேகரத்திலும் குளச்சலிலும் அந்த ஒரே ஆளுக்கு ஒரே எண் வந்தால்தான் மற்ற எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.